ஒரு நாற்காலி, நாலு பேர்

விண்டோஸ் 11 ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம். தொலைவிலிருந்து இன்னொருவர் நுழைந்தால், முன்னவர் வெளியே. பலர் ஒன்றாக நுழைய சர்வர் வேண்டும்; அதை வாங்கக் காசு வேண்டுமே! எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர் தம்பி, விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறைக்குள் புகுந்து, ரிமோட் சேவையை நடத்தும் 'டெர்ம்எஸ்ஆர்வி.டிஎல்எல்' கோப்பைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார் (பட்டா மாற்றம்கூட இவ்வளவு சுலபமில்லை). சில பைட்டுகளைத் திருத்தியதும் நாலு பேர் ஒரே கணினியில் குடியேறினோம். உரிம ஒப்பந்தத்தை யார் படித்தார்கள்?

மாதத்தின் இரண்டாம் செவ்வாய் அப்டேட் வந்தது. திருத்திய கோப்பு போய்ப் புதுக் கோப்பு அமர்ந்தது. தம்பி சொந்த ஊரிலிருந்தபடியே பழைய வைத்தியத்தைப் புதுக் கோப்புக்குச் செய்து, கணினியை ரீஸ்டார்ட் செய்தார். ரிமோட் சேவை எழுந்திருக்கவே இல்லை. நாலு பேரும் வெளியே. சரிசெய்ய வேண்டிய அவரும் வெளியே.

இப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்.