அரிசிப் பானையில் கைப்பேசி: ஓர் உரைவிளக்கம்

நீரில் விழுந்த கைப்பேசியை அரிசியில் புதைக்கும் சடங்கு நம் நாட்டில் எப்போது தொடங்கியது என்பதற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. செப்பேடும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வீடு வழங்கும் வழக்காறே போதிய சான்று என்று கொண்டு இவ்வாய்வு மேற்செல்கிறது.

நிலமும் பொழுதும் முதற்பொருள் ஆதலின் அவற்றை முதலில் காண்போம். நிலம் நால்வகைத்து: கழிப்பறை, குளியலறை வாளி, வாஷிங் மெஷின், மழை பெய்யும் தெரு. பெரும்பொழுது கார்காலம். சிறுபொழுது, ஆபீசுக்குக் கிளம்பும் காலை நேரம். கருப்பொருள்களுள் தலையாயது மேல்சட்டைப் பை. பேனாவுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் என்று தைக்கப்பட்ட அந்தப் பையில் உள்ளங்கையை விடப் பெரிய கண்ணாடிப் பலகையைச் செருகிக்கொண்டு குனிந்தால் வேறென்ன நடக்கும்? உரிப்பொருளில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை. இரங்கலும் இரங்கல் நிமித்தமும்தான். ஆகவே கடலையே காணாத தருமபுரியில் விழுந்தாலும் இது நெய்தல் திணையே.

அடுத்து உரைவேறுபாடு. பச்சரிசியே சிறந்தது என்பது ஒரு சாரார் துணிபு. சட்டென்று ஊறும் என்பது அவர்கள் காட்டும் காரணம். புழுங்கலரிசியார் இதை மறுப்பர். ஒருமுறை வெந்து காய்ந்த பொருளுக்கே ஈரத்தைத் தாங்கும் பக்குவம் உண்டு என்பர். ரேஷன் அரிசியே போதும் என்பது மூன்றாம் தரப்பு. பிரியாணிக்கு வாங்கி வைத்த பாசுமதியில் போட்டவர் வீட்டில் நடந்த உரையாடலை நாகரிகம் கருதித் தவிர்க்கிறோம். மொட்டை மாடி வெயில் என்பாரும், ஹேர் டிரையர் என்பாரும் உளர். அஃது அன்று, என்னை? சூடு பேட்டரிக்குப் பகை ஆதலானும், ஊதும் காற்று வாயிலில் நின்ற நீரை உள்ளறைக்குத் தள்ளும் ஆதலானும் என்க.

இனி அரிசியின் தகுதி. இதை டெல்டா விவசாயியிடம் கேட்டால் ஆய்வு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கு விதித்திருக்கும் வரம்பு 17 விழுக்காடு. குறுவை அறுப்பு மழையில் மாட்டிக்கொள்ளும் ஆண்டுகளில் அவர் நெல்லைச் சாலையில் பரப்புவார், கிளறுவார், தூறல் விழுந்தால் தார்ப்பாயால் மூடுவார், வெயில் எட்டிப் பார்த்தால் திறப்பார். அப்படியும் இறங்காத ஈரத்துக்காக, வரம்பைத் தளர்த்துங்கள் என்று அரசிடம் மன்றாடுவார். காற்றில் ஈரம் இருந்தால் குடிப்பதும், காற்று காய்ந்தால் விடுவதும் நெல்லின் குணம். உமி நீங்கி அரிசியான பின்னும் அக்குணம் போவதில்லை. கடையில் வாங்கும் நல்ல அரிசியிலேயே எடையில் ஏறத்தாழ 12 முதல் 14 விழுக்காடு வரை தண்ணீர்தான். 25 கிலோ சிப்பத்துக்குக் கணக்குப் போட்டால் மூன்று லிட்டர் வரும். ஒரு தேக்கரண்டி நீர் புகுந்த கைப்பேசியை மூன்று லிட்டர் நீருக்கு நடுவே வைத்து உலர்த்துகிறோம் என்பது இதனால் பெறப்படும்.

ஈரம் உறிஞ்சுவதே தொழிலாகப் பிறந்த பொருள் வேறு இருக்கிறது. புதுச் செருப்புப் பெட்டியில் ‘தின்னாதே’ என்ற எச்சரிக்கையோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம். அதன் மணிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒரு கிராமின் உட்பரப்பைப் பிரித்து விரித்தால் பல நூறு சதுர மீட்டர் வரும். லென்சில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் புகைப்படக்காரர்கள் இதைத்தான் கேமராப் பெட்டியில் போட்டு வைப்பார்கள். நாமோ அதைக் குப்பையில் எறிந்துவிட்டு அரிசியைத் தேடுகிறோம்.

ஆப்பிள் நிறுவனமும் 2024 ஜனவரியில் அரிசிக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஐபோனை அரிசிப் பையில் போடாதீர்கள், அரிசித் துகள் உள்ளே போய்ச் சேதப்படுத்தலாம் என்றது. சார்ஜ் வாயில் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக் கையில் மெல்லத் தட்டிவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், முழுக்க உலர 24 மணி நேரம்கூட ஆகலாம் என்பது அதன் அறிவுரை. அரிசிப் பள்ளியினர் யாரும் இதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

உண்மையில் கைப்பேசியைக் கொல்வது தனி நீர் அன்று. தூய நீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. நம் வாளியில் இருப்பதோ உப்புக் கரைந்த போர்த் தண்ணீர். பேட்டரியின் நாலு வோல்ட் அதில் ஓடினால் போர்டில் இருக்கும் செம்பு கரைந்து அரிக்கத் தொடங்கும். நீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். டீயில் விழுந்திருந்தால் சர்க்கரையும் பாலும் சேர்ந்து பிசினாக ஒட்டும். பழுதுபார்க்கும் கடையில் மூடியைக் கழற்றியதும் சார்ஜிங் பின்னைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருப்பது இந்த அரிப்புத்தான். கடைக்காரர் ஐபிஏ என்று அவர் சொல்லும் ஆல்கஹாலில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைத் தோய்த்து அதைத் தேய்த்து எடுப்பார். எந்த அரிசிக்கும் இந்தக் கைவேலை வராது.

எனில், அரிசியில் வைத்துப் பிழைத்த கைப்பேசிகள் பல உளவே, அவை எங்ஙனம் பிழைத்தன எனின், கூறுதும். நனைந்த கைப்பேசியைக் கையில் வைத்திருப்பவரால் சும்மா இருக்க முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆன் செய்து பார்ப்பார். சார்ஜ் ஏறுகிறதா என்று சொருகிப் பார்ப்பார். தன் எண்ணுக்குத் தானே கூப்பிட்டுப் பார்ப்பார். நனைந்த போர்டில் மின்சாரம் ஓடச் செய்வன இவையே. அரிசிக்குள் போய்விட்டாலோ, சடங்கு கெட்டுவிடும் என்ற பயத்தில் ஒன்றிரண்டு நாள் யாரும் தொடுவதில்லை. ஆகவே பானையில் அடைபட்டு ஒழுங்குக்கு வந்தது கைப்பேசி அன்று, அதன் உரிமையாளர் என்பதே இவ்வாய்வின் முடிபு. மேசை மேல் வைத்திருந்தாலும் அது பிழைத்திருக்கும். மேசைக்கு அந்த அதிகாரம் இல்லை, அவ்வளவுதான்.

அந்த அரிசியைப் பிறகு சமைக்கலாமா என்பது எஞ்சிய வினா. வாளியில் விழுந்ததாயின் களைந்து சமைக்கலாம் என்பர். கழிப்பறையில் விழுந்ததாயின் விருந்தாளியிடம் சொல்லாதிருப்பது முறையன்று.

படிப்பவருக்கு ஒரு வேண்டுகோள். போன் தண்ணீரில் விழுந்தால் உடனே ஸ்விட்ச் ஆஃப் செய்யுங்கள். உறையைக் கழற்றி, துணியால் துடைத்து, சிம்மை எடுத்துவிடுங்கள். சார்ஜ் மட்டும் போடாதீர்கள். கடல் நீரோ டீயோ என்றால் உலரக் காத்திராமல் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். அரிசி பானையிலேயே இருக்கட்டும்.