வால் தூக்கும் வைபவம்

மணிக்கு 305 கிலோமீட்டர் வேகம் வரை செல்லவல்ல வாகனம் ஒன்றுக்கு உரிமையாளன் என்ற கௌரவத்தைத் தாங்கிக்கொண்டு, அதன் பின்புறத்தில் எங்கோ ஒரு ரப்பர் சீல் காய்ந்து வெடித்துவிட்ட காரணத்தால், ஸ்டுட்கார்ட் நகரத்து ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டர் ஒன்றின் முன்னே பவ்யமாக நின்று, "தனியாகத் தருவதில்லை" என்ற பதிலை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய ஒருவன், அந்தக் கோபம் ஆறுவதற்குள் பேனாவை எடுத்தால், அவனிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது தர்மமன்று. ஆயினும், பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்ற கேள்விக்கு இக்கட்டுரையின் முடிவில் திட்டவட்டமான விடை ஒன்றை அளிப்பதாக வாக்களித்துவிட்டே தொடங்குகிறேன்.

வண்டி போர்ஷே 911 டர்போ. 2000-ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய, 996 என்ற எண்ணால் ரசிகர்கள் குறிப்பிடும் தலைமுறை. அதன் ஸ்பாய்லர் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு தட்டுகளால் ஆனது. கீழ்த்தட்டு பரம சாது. இருந்த இடத்தில் இருக்கும். மேல்தட்டோ, வேகம் 120-ஐத் தாண்டியதும் தானே எழுந்து, 60-க்குக் கீழே வந்ததும் தானே அடங்கிவிடும். இதைத் தூக்கி இறக்கும் ஊழியத்துக்கு ஒரு மின்சாரப் பம்பு, கொஞ்சம் எண்ணெய், இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரண்டு ஹைட்ராலிக் சிலிண்டர்கள் ஆகியவை நியமிக்கப்பட்டிருக்கின்றன. ஹான்ஸ் மெட்ஸ்கரின் பெயரால் வழங்கும் 3.6 லிட்டர் இஞ்சின் தன் 420 குதிரைகளையும் ஒரு முனகலின்றி இழுத்துக்கொண்டிருக்க, உழைப்பே இல்லாத இந்த வலப்புறத்துச் சிலிண்டர்தான் இப்போது கண்ணீர் வடிக்கிறது. இஞ்சின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பளபளவென்றிருக்க வேண்டிய தண்டின்மேல் எண்ணெய் மெல்லிய படலமாய்ப் படிந்து, அதன்மேல் சாலைத் தூசி ஒட்டிக் கறுத்து, அடியில் ஒரு துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. தயாரித்தவர்கள்மேல் குற்றமில்லை, இருபது ஆண்டுகளுக்கு மேல் வெப்பத்தில் வெந்த ரப்பரிடம் இதற்கு மேல் என்ன கேட்பது? விளைவு என்னவென்றால், இடப்பக்கம் கம்பீரமாக எழுகிறது, வலப்பக்கம் பாதியில் நின்றுவிடுகிறது. பல்லக்குத் தூக்குகிற இருவரில் ஒருவன் குள்ளனாய் வாய்த்தாற்போல மேல்தட்டு சாய்ந்து நிற்கிறது.

ஸ்பாய்லர் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த வண்டிக்கு இஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது; முதுகோ வளைந்து சரிகிறது. அந்த வளைவின்மேல் விரைந்தோடும் காற்று பின்புறத்தை மேலே தூக்கப் பார்க்கும். வேகம் இரட்டித்தால் அந்தத் தூக்கு விசை நான்கு மடங்காகும். இதைத் தடுக்கவே 1972-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் காட்டப்பட்ட கரேரா ஆர்எஸ் 2.7 வண்டியின் பின்னால், வாத்து வால் என்று பேர்பெற்ற மேல்நோக்கி வளைந்த விளிம்பு ஒன்றை வைத்தார்கள். முதலில் 500 வண்டிகள்தாம் செய்வதாக உத்தேசம், செய்ததோ 1,580. பின்னர் 1970-களின் நடுவில் வந்த முதல் டர்போ, திமிங்கில வால் என்று பெயரெடுத்த அகன்ற தட்டொன்றைச் சுமந்தது. பின்புறத்து நிதானம் எவ்வளவு முக்கியம் என்பதை ஆடி டிடி வண்டி மறுபடி நிரூபித்தது. ஸ்பாய்லர் இன்றி வெளிவந்த அதற்கு, ஆட்டோபானில் அதிவேக விபத்துகள் நேர்ந்த பின்னர் ஒரு ஸ்பாய்லரை வைத்துக் கொடுக்க நேர்ந்தது. ஆகவே அவசியம் இல்லையென்று நான் வாதிக்கவில்லை. வாத்து வாலிலும் திமிங்கில வாலிலும் பம்பு இல்லை, எண்ணெய் இல்லை, ஆகையால் ஒழுகுவதற்கும் ஒன்றுமில்லை என்று மட்டுமே சொல்கிறேன். 1989-ஆம் ஆண்டின் 964 முதற்கொண்டுதான், நிற்கும்போது அழகு கெடக்கூடாது என்ற சபலத்தால், ஸ்பாய்லரை ஒளித்துவைத்து வேண்டும்போது எழுப்பும் வழக்கம் இந்தக் குலத்தில் புகுந்தது. சபலத்துக்குரிய வரியை இப்போது நான் கட்டுகிறேன்.

இவ்விடத்தில் பொத்தானைப் பற்றிப் பேசாமல் மேலே செல்வது பாவம். வண்டி நிற்கும்போதும் மேல்தட்டை எழுப்ப ஒரு பொத்தான் உண்டு. துடைத்துச் சுத்தம் செய்வதற்காக என்பது அதற்குரிய உத்தியோகபூர்வமான காரணம். நீங்களும் நானும் அதை எதற்காக அழுத்துகிறோம் என்பதை விஸ்தரித்து உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. எப்படி அழுத்துகிறோம் என்பதே என் அக்கறை.

முதலாவது, பெட்ரோல் பங்க் ரகம். பெட்ரோல் நிரம்பி, பணம் கொடுத்து, சாவியைப் பாதி திருப்பி, அடுத்த பம்பில் நிற்பவர் ஓரக்கண்ணால் பார்க்கிறார் என்று உறுதிப்படுத்திக்கொண்டபின் அழுத்துபவர்கள் இவர்கள். இவர்கள் கடைப்பிடிக்கும் முதல் விதி, மேல்தட்டு எழும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது. பம்பு முனகுகிறது, தட்டு எழுகிறது, ஊரே பார்க்கிறது. இவர் மட்டும் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, உலகத்திலேயே சுவாரஸ்யமான இலக்கியம் அதுதான் என்பதுபோல் வாசித்துக்கொண்டிருப்பார். இரண்டாவது, குழந்தை ரகம். விருந்தாளியின் குழந்தை ஆசைப்படுகிறது என்று சொல்லி அழுத்துவார்கள். குழந்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பூனையைத் தேடிப் போய்விடும். குழந்தைக்காக என்று இவர்கள் மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டே இருப்பார்கள். மூன்றாவது, விஞ்ஞான ரகம். "ஏதோ சப்தம் கேட்டது, பரிசோதிக்கிறேன்" என்று யாரும் கேட்காமலேயே விளக்கமளிப்பவர்கள். சப்தம் எப்போதும் கூட்டமுள்ள இடத்தில்தான் இவர்களுக்குக் கேட்கும். காட்டுப் பாதையில் ஒரு நாளும் கேட்டதில்லை. நான்காவது, வழியனுப்பு ரகம். விடைபெற்றுக்கொண்டு, கையசைத்து, வண்டியைக் கிளப்பி, தெருமுனை திரும்புவதற்குச் சற்று முன்பாக, 20 கிலோமீட்டர் வேகத்தில், காற்றுக்கே தெரியாத அந்தக் கதியில் தூக்குவார்கள். வாசலில் நிற்பவர்கள் அதைப் பிரியாவிடை வணக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமென்பது எண்ணம்.

இத்துடன் இந்த விசாரத்தை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஐந்தாவது ரகத்தைச் சொல்லாமல் விட்டால் முதல் நான்கு ரகத்தார் என்மேல் வருத்தப்படுவார்கள். அது ஏகாந்த ரகம். இரவு உணவுக்குப்பின், கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு, பார்ப்பார் எவருமின்றித் தூக்கி, பின்னால் சென்று நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, இறக்கி, மறுபடி தூக்குபவர்கள். மற்றவர்களெல்லாம் லௌகிகர்கள், இவர்களே உண்மையான பக்தர்கள். என் இடம் எது என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்; தரையிலுள்ள எண்ணெய்க் கறையின் அளவைப் பார்த்து என் மனைவி ஏற்கெனவே ஊகித்துவிட்டாள்.

இவ்வளவு பெருமைக்குரிய பொத்தானைத்தான், என் மனைவியின் தமையனார் மாலைக் காப்பிக்கு வந்த சமயத்தில், விஞ்ஞான ரகத்தாரின் முகபாவத்தோடு அழுத்தித் தொலைத்தேன். தமையனார் நெடுநேரம் பார்த்தார். "மாப்பிள்ளை, இந்த மாடலே இப்படித்தான் சாஞ்சு நிற்குமா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "அண்ணா, தயவுசெய்து அதைப் பத்திக் கேட்டுடாதீங்க, காப்பி ஆறிடும்" என்று என் தர்மபத்தினி குறுக்கிட்டாள்.

வாஸ்தவத்தில் இந்தத் தட்டு தன் சொந்தக் காரியத்துக்காக எழும் சந்தர்ப்பம் எத்தனை? ஜெர்மானிய ஆட்டோபானில் பெரும்பகுதிக்கு நிரந்தர வேகவரம்பு இல்லை என்பதும், 130 என்பது சிபாரிசு மட்டுமே என்பதும் உலகப் பிரசித்தம். ஆனால் நான் போகும் பாதையிலெல்லாம் 120 என்று எழுதிய பலகையோ, அதைவிட மோசமாக, சாலை வேலை நடப்பதாகச் சொல்லி 80 என்று எழுதிய பலகையோ எனக்கு முன்னே சென்று நிற்கிறது. வேகமானி உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டலாகாது என்பது சட்டம். ஆகையால் அது கொஞ்சம் கூட்டியே காட்டும். ஆகையால் முள் 120-ல் நிற்கும்போது வண்டி 120-ஐ எட்டியிருக்காது. ஆகையால் சட்டத்தை மதிக்கும் பிரஜையின் ஸ்பாய்லர் எழவே எழாது. அப்படியே காலியான சாலை ஒன்று கிடைத்து எழுந்துவிட்டாலும், பார்க்கிற பாக்கியம் பின்னால் வருபவனுக்கு. பின்னால் வருபவனோ பார்சல் வேன் ஓட்டி. ஸ்பாய்லர் என்ற வஸ்து ஏதுமின்றி, பெட்டி பெட்டியாய்ச் சரக்கேற்றிக்கொண்டு, விளக்கைச் சிமிட்டி என்னை வழிவிடச் சொல்லி முந்திக்கொண்டு போகிறான்.

பரிகாரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பம்பு, குழாய்கள், இரு சிலிண்டர்கள் எல்லாம் சேர்ந்த முழு செட்டைப் புதிதாக வாங்கிப் போடலாம். கவுண்டர்க்காரர் அதன் விலையை வாய்விட்டுச் சொல்லக் கூசி, கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சிலிண்டர்களைக் கழற்றி, சீல் மாற்றித் தருபவர்களிடம் அனுப்பலாம். திரும்பப் பூட்டியபின் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றத் தட்டைப் பலமுறை ஏற்றி இறக்க வேண்டும் என்கிறார்கள், அதாவது பொத்தானை அழுத்துவதற்கு மெக்கானிக்கின் உத்தரவே கிடைக்கிறது. எண்ணெயே வேண்டாமென்று மின்மோட்டார் தண்டுகளை வைக்கலாம். ஆனால் ஆசார சீலரான என் நண்பர் ஒருவர், அப்படிச் செய்தால் என் கராஜில் காலடி வைப்பதில்லை என்று சபதம் செய்திருக்கிறார். அசையாத தட்டொன்றை நிரந்தரமாகப் பொருத்தலாம். இதே தலைமுறையின் ஜிடி2 வண்டிக்கு அப்படித்தான் அமைந்திருக்கிறது, அதை ஒருவரும் குறைவாக நினைப்பதில்லை. ஆனால் அங்கீகாரப் பத்திரம் இல்லாத பாகத்தை மாட்டினால், வண்டி சாலையில் ஓடும் அனுமதியையே இழக்கலாம் என்பது இந்நாட்டுச் சட்டம். ஒரு தகட்டை இரண்டு போல்ட்டில் முடுக்குவதற்குப் பத்திரம், முத்திரை, கட்டணம்! அசையாத பொருள்மேல் இத்தனை சந்தேகம் கொண்ட சர்க்காரும் ஜனங்களும், அசைகிற பொருள்களை மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக வரவேற்கிறார்கள்? இன்றைய புது வண்டிகளில் கதவின் கைப்பிடிகூடக் கதவுக்குள் ஒளிந்திருந்து மோட்டாரால் வெளியே வருகிறது. டிக்கியைச் சாத்துவதற்கு மோட்டார். ஏர்-கண்டிஷன் காற்று எந்தப் பக்கம் வீச வேண்டுமென்று விரலால் தள்ளிவிட்ட காலம் போய், திரையில் படம் வரைந்து மன்றாட வேண்டியிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் இருபது வயதாகும்போது எந்தெந்தக் கவுண்டரில் யார் யார் நிற்கப்போகிறார்களோ, அவர்களுக்காக இப்போதே பரிதாபப்படுகிறேன். பாதி சந்தோஷமும் இருக்கிறது என்பதை மறைப்பானேன்?

வாக்களித்த விடையைத் தரவேண்டிய இடம் வந்துவிட்டது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வாகனப் பரிசோதனை அடுத்த மாதம் எனக்கு வருகிறது. பரிசோதகர் எண்ணெய்க் கசிவைப் பார்த்து என்ன எழுதுகிறாரோ அதற்கு முன்னால் என் அபிப்பிராயம் எம்மாத்திரம்? அவரும் கடமையின் பொருட்டு அந்தப் பொத்தானை அழுத்தத்தான் செய்வார். அழுத்திவிட்டு, கையிலுள்ள காகிதத்தை வாசிப்பதுபோல் நிற்கவும் செய்வார். கடமைக்கு ஒரு தடவை போதும். இரண்டாவது தடவை அழுத்தினாரானால் அவரிடம் நான் கட்டணம் வசூலிப்பதற்குச் சட்டத்தில் இடமுண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.