திருவாளர் ஒண்ணும் ஆவாது

செய்யூர் கடைத்தெருவில் திருவாளர் ஒண்ணும் ஆவாதைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. முன்பக்கம் மளிகை, ஓரத்தில் ஜெராக்ஸ் மெஷின், சாயங்காலமானால் வாசலில் பஜ்ஜி அடுப்பு, மாடியில் குடும்பம். சூணாம்பேட்டிலும் கடப்பாக்கத்திலும் பவுஞ்சூரிலும் இதே மனிதர் வேறு பெயர்களில் கடை வைத்திருக்கிறார். பெயர் மாறினாலும் பேச்சு மாறாது. "ணா, பிளக் பாயிண்ட் கருகியிருக்கு" என்பான் எலக்ட்ரீசியன் தம்பி. "ஒண்ணும் ஆவாது, நீ அந்த ஃபேன மட்டும் பாரு" என்பார். கேஸ் வாடை வருகிறது என்பாள் மனைவி. "அது சிலிண்டர் மாத்துனப்ப வந்த வாடை, ஒண்ணும் ஆவாது." இவரைப் பார்த்து ஊரார் சுலபமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: மனிதருக்கு ஜாக்கிரதை போதாது. இது அபாண்டம். கடைத்தெருவிலேயே இவரைப்போல் ஜாக்கிரதையான ஆள் கிடையாது. அந்த ஜாக்கிரதை முழுவதும் தெருவைப் பார்த்தே நிற்கிறது, கடையின் உட்பக்கம் திரும்புவதே இல்லை என்பதுதான் கோளாறு. அதைவிட மோசம், உள்ளே இருக்கும் ஆபத்தில் பாதி அந்த ஜாக்கிரதையே உண்டாக்கியது.

சந்தேகம் இருப்பவர்கள் கடை வாசலை அண்ணாந்து பார்க்கலாம். திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்று, கறுப்புக் கயிற்றில் படிகாரம், எலுமிச்சையும் மிளகாயும் கோத்த சரம், அது போதாதென்று ஆகாச கருடன் கிழங்கு. கண்ணேறு எந்தத் திசையிலிருந்து வந்தாலும் தப்ப முடியாது. கந்தசாமி கோயிலில் 27 நட்சத்திரத்துக்கும் தனித்தனி வேதாளங்கள் இருக்கின்றன. தன்னுடையதுக்கு மட்டுமல்ல, மச்சான் நட்சத்திரத்துக்கும் விளக்கேற்றி வருவார், மச்சானிடம் கைமாற்று வாங்கியிருப்பதால். 500 ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் கல்லாவில் போடமாட்டார். பிஸ்கட் பாக்கெட்டில் தேதி முடிய ஒரு வாரம் இருக்கும்போதே எடுத்துத் தனியே வைத்து ஏஜென்சிக்காரரிடம் திருப்பிவிடுவார். ஆனால் கேஸ் டியூப்பின் மேலேயும் தேதி அச்சடித்திருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில் வரும் அந்தக் கம்பி வலை வைத்த டியூப்புக்கு 5 வருடம்தான் ஆயுள். அந்தத் தேதியை அவர் படிப்பதில்லை. அதைத் திருப்பிக் கொடுத்தால் காசு வராதே.

அவருடைய பீஸ் கட்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். சுவரோரம் கறுத்த மரப்பலகை, அதில் மூலை உடைந்த பீங்கான் கட்டை. அதற்குள் மெல்லிய ஈயப்பூச்சுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், பழைய ஒயரை உரித்து எடுத்த செம்பு இழைகள். ஒரு இழை போட்டார், ஃப்ரிட்ஜும் ஜெராக்ஸும் சேர்ந்து ஓடியபோது உருகியது. இரண்டு போட்டார், கோடையில் அதுவும் உருகியது. மூன்றை முறுக்கிப் போட்டார்; அன்றிலிருந்து பீஸ் போவதே இல்லை என்று அவருக்குப் பெருமை. வியாபார நேரத்தில் கரண்ட் போகக்கூடாது என்கிற ஜாக்கிரதை அது. ஆனால் பீஸ் கம்பி உருகுவது பழுதல்ல, அதன் உத்தியோகம். அதை உருகவிடாமல் செய்துவிட்டால் அடுத்து உருக வேண்டியது சுவருக்குள் ஓடும் ஒயர்தான். ஒரு ஒயரில் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அதில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். புதிதாக டிரிப்பர் வைத்தவர்களும் ஒன்றும் குறைந்தவர்களில்லை; 16 ஆம்பியர் அடிக்கடி விழுகிறது என்று 32 ஆம்பியர் மாற்றி நிம்மதியாகிறார்கள். செய்யூர்ப் பக்கம் இதற்கு இன்னொரு கூட்டாளியும் உண்டு: உப்பளத்துக் காற்று. சுவிட்சுக்குள் இருக்கும் பித்தளையிலும் செம்பிலும் அது பச்சைக் களிம்பு ஏற்றுகிறது, திருகுகளை அரிக்கிறது. தளர்ந்த இணைப்பு சூடேறும், பொறி விடும். பிளக்கை லேசாக ஆட்டினால் ஃபேன் ஓடுகிறது என்று தீக்குச்சியை மடித்துச் சொருகி வைத்திருப்பார். தீக்குச்சியை!

சிலிண்டர் விஷயத்துக்கு வருவோம். கடைக்கு 19 கிலோ சிலிண்டர் வாங்க வேண்டும். இவர் வாசல் அடுப்பில் இருப்பதோ வீட்டுக்கு வந்த 14.2 கிலோ. அது சட்டப்படி தப்பு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சாக்கைப் போர்த்தி, பலகைக்கு அடியில், யார் கண்ணும் படாத, காற்றும் போகாத மூலையில் ஒளித்து வைக்கிறார். சமையல் வாயு காற்றைவிட கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். திறந்த இடத்தில் கலைந்துவிடக்கூடிய வாயுவை, அதிகாரி கண்ணுக்குத் தப்ப வேண்டும் என்ற ஜாக்கிரதை ஒரு மூலையில் சேர்த்து வைக்கிறது. பின்கதவும் இதே கதை. திருடன் வரக்கூடாது என்று இரும்புப் பட்டை, அதற்கு இரண்டு பூட்டு, அதற்கு முன்னால் அரிசி மூட்டைகள். சாவி மாடியில். இரவில் முன்பக்கம் பற்றினால் கடைப் பையன் எந்த வழியாக வெளியே வருவான் என்று யாரும் கேட்டதில்லை. திருடன் மட்டும் உள்ளே வரமாட்டான், அதில் சந்தேகமில்லை.

தீயணைப்புக் கருவி இல்லையா என்றால், இருக்கிறது. லைசென்சுக்காக வாங்கினார். சின்னப் பிள்ளைகள் இழுத்துவிடக்கூடாது என்று அதன் பின்னைச் சணலால் சுற்றிக் கட்டியிருக்கிறார். ஆயுத பூஜைக்கு ஆயுதங்களோடு ஆயுதமாக அதற்கும் சந்தனம் குங்குமம் உண்டு. பொட்டு சரியாக அழுத்தமானியின் கண்ணாடி மேல் விழுந்திருப்பதால் முள் பச்சையில் நிற்கிறதா சிவப்பில் நிற்கிறதா என்பது முருகனுக்கே வெளிச்சம். பஜ்ஜிச் சட்டியில் எண்ணெய் தீப்பிடித்தால் ஊற்றுவதற்கு ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் தயாராக இருக்கும். அவர் கடையிலேயே ஆபத்தான பொருள் அந்த வாளிதான். எரிகிற எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் அடியில் போய் ஒரு நொடியில் ஆவியாகி 1,700 மடங்கு பெருகும்; எரியும் எண்ணெய் கூரை வரை தெறிக்கும். அடுப்பை அணைத்துச் சட்டியை ஒரு மூடியால் மூடினால் போதும். மூடி இருக்கிறது, மழை ஒழுகும் இடத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

இவ்வளவையும் எடுத்துச் சொன்னால் தன் ஒரே சாட்சியைக் கூண்டில் ஏற்றுவார்: "முப்பது வருஷமா இப்பிடித்தான் ஓடுது. இன்னா ஆயிடுச்சு?" நியாயமான கேள்விபோலத் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் தீயில் போன ஒவ்வொரு இடமும் முதல் நாள் வரை அதே சாட்சியத்தைச் சொல்லியிருக்க முடியும். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் மாடியில் போட்ட கீற்றுப் பந்தல் எரிந்து மாப்பிள்ளை உள்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வருடம் ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையல் கூடத்தில் கிளம்பிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் மாண்டார்கள். முந்தைய நாளும் அங்கே சமையல் நடந்திருக்கும், மணி அடித்திருக்கும், பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்பியிருப்பார்கள். 2018 பிப்ரவரி 2 இரவு மதுரை மீனாட்சி கோயிலில், எத்தனையோ ஆட்சிகளைப் பார்த்த வீரவசந்தராயர் மண்டபம், அதற்குள் இருந்த கடைகளில் பிடித்த தீயால் சிதைந்தது. 2021 அக்டோபர் 26 அன்று சங்கராபுரத்தில் பட்டாசுக் கடையில் எழுந்த தீ பக்கத்து பேக்கரியின் சிலிண்டர்களையும் வெடிக்க வைத்து உயிர்களைக் குடித்தது. வேலூரில் 2022 மார்ச்சில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து, அந்தப் புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். முப்பது வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது கடை பத்திரமானது என்பதற்குச் சான்றாகாது. முப்பது வருட ஒயர் முப்பது வருடம் பழசாகிவிட்டது என்பதற்கு மட்டுமே அது சான்று.

அடுத்து விதியைக் கூப்பிடுவார். "வரணும்னு இருந்தா வந்தே தீரும்." கும்பகோணத்துக்குப் பிறகு நீதிபதி சம்பத் விசாரணை ஆணையம் அமைந்தது, பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் பிரிக்கப்பட்டன. அதன்பின் அந்த மாதிரி ஒரு பள்ளித் தீ தமிழ்நாட்டில் நடக்கவில்லை. விதிக்கும் கீற்றுக்கும் அப்படி என்ன ஒப்பந்தமோ, கீற்று போனதும் விதியும் கிளம்பிவிட்டது. செலவைப் பற்றி அவர் முணுமுணுப்பதை மட்டும் சிரித்துத் தள்ள முடியாது. வாடகைக் கடை, ஒயரிங்கை மாற்ற கட்டட உரிமையாளர் சம்மதிக்கமாட்டார், இவரிடமும் மொத்தமாகப் பணம் இல்லை. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பின்கதவுக்கு முன்னால் இருக்கும் மூட்டையை நகர்த்த எந்த உரிமையாளர் கையெழுத்து வேண்டும்? ராத்திரி ரெகுலேட்டரை மூட என்ன செலவு? சந்தனத்தைத் துடைக்க ஈரத்துணி போதும். காசு கேட்கும் வேலைகளில் முதலாவதான டியூப்புக்கு, ஒரு வருடத்துப் பூசணிக்காய்க் கணக்கே தாராளமாகக் கட்டும். கடைசியில் அரசாங்கம். தீயணைப்பு வண்டி எப்போது வந்தாலும் லேட் என்பார். சோதனைக்கு வர வேண்டியவர்கள் ஒழுங்காக வருவதில்லை என்ற குறை உண்மை; அதை உரக்கவே சொல்லலாம். ஆனால் வண்டி தெருவுக்குள் திரும்ப முடியாதபடி நீட்டியிருக்கும் தகரக் கொட்டகைகளில் ஒன்று அவருடையது. வெயில் கல்லாவின் மேல் படக்கூடாதாம். அதுவும் ஜாக்கிரதைதான்.

எனவே அவரிடம் புதிதாக ஜாக்கிரதையைப் போதிக்க வேண்டியதில்லை. வாசலில் நிற்பதை உள்ளே அழைத்தால் போதும். பிஸ்கட் தேதி பார்க்கிற கண் டியூப் தேதியையும் பார்க்கட்டும். நோட்டைத் தடவுகிற விரல், மெயின் சுவிட்சை அணைத்த பிறகு, பிளக் சூடாக இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும். இப்படிப்பட்ட ஒருவர் உங்கள் தெருவிலும் கடை வைத்திருப்பார். அவர் கடை பற்றினால் நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பது நீங்கள், ஆகவே வெட்கப்படாமல் சொல்லுங்கள். அவர் காலண்டரில் வட்டிக்காரர் நம்பருக்குப் பக்கத்தில் இரண்டு நம்பர் எழுதச் சொல்லுங்கள்: தீயணைப்புக்கு 101, கேஸ் கசிவுக்கு 1906. கேஸ் வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் கதவைத் திறந்துவிட்டு, தெருவுக்கு வந்த பிறகு போன் பேசச் சொல்லுங்கள்.