பல்லிப் பிரபுவும் ரயில் அட்டவணையும்

பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட ‘டிராகுலா’ நாவலைப் படித்து முடித்த நண்பர் முகத்தைச் சுளித்தார். ரத்தக்காட்டேரியான டிராகுலா பிரபு கோட்டைச் சுவரில் பல்லிபோலத் தலைகீழாக இறங்குகிறார், வௌவாலாகிறார், பனிமூட்டமாகிக் கதவிடுக்கில் நுழைகிறார். அதெல்லாம் சரியாம்.

“ஆனா அந்த மினா ரயில் அட்டவணையை மனப்பாடமா வச்சிருக்கிறது... நம்புற மாதிரியா சார் இருக்கு?”

நாட்குறிப்பு, கடிதம், தந்தி என்று கிடைத்ததையெல்லாம் தட்டச்சு செய்து, தேதி வாரியாகக் கோத்து, பிரபுவை வேட்டையாடவே வழி பண்ணிக்கொடுத்தவள் மினா. துப்பை வாங்கிக்கொண்ட ஐந்து ஆண்களும், பெண் மனம் தாங்காது என்று (எவ்வளவு கரிசனம்!) அவளைத் தூங்கப் போகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். அன்றிரவே ரத்தக்காட்டேரி நேராக அவள் அறைக்குத்தான் வருகிறது.

“அந்த ஒரு இடம் மட்டும் அப்படியே யதார்த்தம்” என்றார், காபி கொண்டுவந்த நண்பரின் மனைவி.