மார்க் ஆப் சார்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள நடுநிலைப் பள்ளிகளில் எதற்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். எடுப்பது கணக்குப் பாடம். ஆனால் பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும், கல்வித் துறையின் எமிஸ் தளம் சுற்றிக்கொண்டே நின்றாலும், தலைமையாசிரியர் பேரனின் செல்போன் கேம் உறைந்தாலும், "சாரைக் கூப்பிடு" என்றால் இவரைத்தான்.

மார்க் ரிஜிஸ்டரை ஒழிக்க வேண்டும் என்பது இவருடைய ஆசை. நியாயமான ஆசைதான். 2012-13இல் முப்பருவ முறை வந்ததிலிருந்து ஒரு பிள்ளைக்கு ஒரு பாடத்தில் வளரறி மதிப்பீடு அ-வுக்கு 20, ஆ-வுக்கு 20, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று தனித்தனியே போட்டு, கூட்டி, 91 முதல் ஏ1, 81 முதல் ஏ2 என்று தரமும் எழுத வேண்டும். ஐந்து பாடம், மூன்று பருவம், நாற்பது பிள்ளைகள் என்றால் 600 கூட்டல். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறியதும், இதற்கொரு ஆப் எழுத மடியில் லேப்டாப்பை விரிப்பார். அத்திப்பட்டு வருவதற்குள் லாகின் பக்கம், பொன்னேரியில் மொத்த மதிப்பெண், கவரைப்பேட்டையில் தரம். ஒரு கூகுள் ஷீட், அதற்கு முகப்பாக ஒரு பக்கம், அவ்வளவுதான் ஆப். மிச்சச் சிக்கலெல்லாம் ஸ்டாஃப் ரூமில் காத்திருந்தது.

மார்க் கட்டத்தில் எண்தான் வரும் என்று நம்பிவிட்டார். பரீட்சைக்கு வராத பையனுக்கு ஒரு டீச்சர் சைபர் போட்டார். இன்னொருவர் "ஆப்சென்ட்" என்று அடித்தார். மூன்றாமவர் மனசாட்சிக்காரர்; "அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கான்" என்று விவரமாகவே எழுதினார். மொத்தம் மயங்கி விழுந்தது.

அடுத்தது இனிஷியல். அது இல்லாத பெயரை ஏற்கக் கூடாதென்று நிரல் எழுதியதும் இவர்தான். ஸ்டீல் கம்பெனியிலும் செங்கல் சூளையிலும் வேலை பார்க்கிற வெளிமாநிலத்தவர்களின் பிள்ளைகளுக்கு இனிஷியல் ஏது? சிவப்பு எழுத்தில் ஆப் முறைத்துக்கொண்டே இருக்க, வகுப்பாசிரியை ஒடிசா பையனுக்கு "ஓ" போட்டார், பீகார் பெண்ணுக்கு "பீ" போட்டார். லக்னோ பக்கத்துப் பையனுக்கு "உ.பி." என்று ரெண்டெழுத்து. ரேங்க் கார்டில் அச்சாகி வந்தபோது பையனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அகர வரிசையிலும் ஒரு வம்பு. யூனிகோடில் ஜ, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் இருக்கிறது. கடைசியில் நிற்க வேண்டிய ஜ வரிசைப் பிள்ளைகள் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தமிழய்யா அன்றைக்கு இவரோடு டீ குடிக்கவில்லை.

டீச்சர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தை 2022 ஜூனில் முதலமைச்சர் தொடங்கிவைத்தது இதே மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான். அதன் மதிப்பீடுகளைச் செல்போனில் பதிந்து பதிந்தே கட்டைவிரல் தேய்ந்தவர்களிடம் இன்னொரு லிங்க்கை நீட்டினால்?

"சார், லிங்க் திறக்கல."

"நெட் இருக்கா டீச்சர்?"

"வாட்ஸ்அப் வருதே."

வாட்ஸ்அப் வந்ததுதான் வினை. மார்க்கையெல்லாம் வழக்கம்போல ரிஜிஸ்டரில் எழுதி, கையால் கூட்டி, போட்டோ எடுத்து அனுப்பினார்கள். கூடவே ஒரு வரி: "கொஞ்சம் ஏத்திடுங்க சார்." எட்டு வகுப்பு மார்க்கையும் ராத்திரி உட்கார்ந்து ஏற்றுவது இவர் ஒருவர்தான். கூட்டலைக் கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது. டீச்சர் போட்ட கூட்டலோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும் புது வேலை இவருக்கு.

தலைமையாசிரியருக்கு ஆப் மேல் பரம திருப்தி. "அருமை சார். மூணு காப்பி பிரின்ட் எடுத்திடுங்க. இதுல பச்சை மையில கையெழுத்து எங்க போடறது?"

மாறுதல் கலந்தாய்வில் இவருக்குத் திருவள்ளூர் பக்கம் கிடைத்தது. சால்வை, போட்டோ, கேசரி எல்லாம் முடிந்த பின் தலைமையாசிரியர் ஓரமாக அழைத்தார்.

"ஆப்பை இன்னும் ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்தலையே சார். ஆப், எண்ணிக்கை ஒண்ணுன்னு எழுதிட்டேன். எந்த ரூம்ல இருக்குன்னு ஒரு காலம் இருக்கே, அதுல என்ன போட?"

"பீரோன்னு போட்டுக்குங்க சார்."

"சாவி?"

பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். தலைமையாசிரியர் அதை மார்க் ரிஜிஸ்டருக்குள் வைத்துப் பீரோவைப் பூட்டினார்.