லீவு போடாத அம்மா

கே: பிறநாட்டு அநாதைப் பிள்ளைகளை வளர்க்கும் மிஷனரிகள், தாய் இறந்தால் ஊருக்குப் போக மாட்டார்களா?
(ஒரு வாசகி, பெங்களூரு)

ப: ஏமி கார்மைக்கேல் போகவில்லை. அயர்லாந்துக்காரர். உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்றுதான் 1895-ல் உங்கள் பெங்களூருக்கு வந்தார், வந்ததும் டெங்கு! (கொசுவுக்கு ஏது ஊர்ப்பெருமை?)

பிறகு நெல்லைச் சீமை. 1901-ல் கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமி நேரே மடியில் ஏறிக்கொண்டாள். அன்றிலிருந்து 'அம்மா' உத்தியோகம்.

ஏமியைப் பெற்ற தாயே 1904-ல், அதே சீமையில் மகளின் இல்லம் இருந்த டோனாவூருக்கு வந்து, ஒரு வருடத்துக்கு மேல் தங்கி, இந்தப் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிவிட்டுப் போனார். 1913 ஜூலையில் அவர் மறைந்தார். அதன்பின், ஏமிக்கு வலக்கையாக இருந்த பொன்னம்மாளும் போனார். பசித்து அழும் பிள்ளைக்குத் துக்க வீடு தெரியுமா?

ஏமி 55 ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாமல், 1951-ல் டோனாவூரிலேயே இறந்தார். அவர் தொடங்கிய இல்லம் இன்றும் இயங்குகிறது.