பிளாஸ்க் கம்பெனி அமெரிக்கத் தேர்தலில் தோற்றது எவ்வாறு? சீனப் பங்குச் சந்தையின் ஒலியியல்: ஓர் ஆய்வறிமுகம்

இவ்வாய்வின் நோக்கம், இவ்வாய்வுக்கு ஒரு நோக்கம் உண்டு என்று நிறுவுவதாகும். சீனச் சந்தையில் அன்றாட வியாபாரத்தின் பெரும்பகுதி சில்லறை முதலீட்டாளர்களுடையது. அவர்கள் நம்பியிருப்பது ஆண்டறிக்கையையா, ராசியையா என்பதே நம் வினா (விரிவுக்கு: இக்கட்டுரையாளர் எழுதவிருக்கும் நூல், பக். 8).

எண்ணியல். சீனருக்கு எட்டு செல்வம், நான்கு சாவு. அங்கே ஒவ்வொரு பங்குக்கும் ஆறு இலக்கக் குறியீடு உண்டு. அதில் ராசியான எண்கள் அமைந்த புதுப் பங்குகள் முதலில் கூடுதல் விலைக்குப் போகின்றன, மூன்றாண்டுக்குள் அந்தக் கூடுதல் கரைந்துவிடுகிறது என்று டேவிட் ஹிர்ஷ்லெய்ஃபரும் இன்னும் இருவரும் 2018இல் ‘மேனேஜ்மெண்ட் சயன்ஸ்’ இதழில் நிறுவினார்கள். தரகர் அலுவலகத்தில் விலைப்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியைக் கேட்டிருந்தால் இதை ஒரே மூச்சில் சொல்லியிருப்பார். ஆனால் பாட்டி சொல்லுக்குப் பதவி உயர்வு கிடையாது.

நிறவியல். அங்கே ஏறினால் சிவப்பு, இறங்கினால் பச்சை. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே ஏழெட்டு முனைவர் பட்டங்களுக்கு இடமிருக்கிறது.

உணவியல். சோங்சிங் பீர் கம்பெனி ஹெபடைடிஸ் பி தடுப்பூசி கண்டுபிடிக்கும் என்று நம்பி அதன் பங்கை வாங்கிக் குவித்தார்கள். 2011 டிசம்பரில் சோதனை முடிவு வெளியானதும் பங்கு தினமும் கீழ் எல்லையில் போய் நின்றது. வீட்டுக்குப் போய் நூடுல்ஸ் வேகவைத்து, விளக்கைப் போடாமல் அழுதுகொண்டே சாப்பிட்டதாக ஒருவர் இணையத்தில் எழுதினார். அதிலிருந்து சந்தைப் பேச்சில் நூடுல்ஸ் என்றால் நஷ்டம், கறி என்றால் லாபம்.

இனி ஒலியியல், இக்கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சிச்சுவான் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஒரு மென்பொருள் நிறுவனம் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்குக் கருவிகள் செய்கிறது. அதன் பெயர் ‘சுவான் தா ஜி ஷெங்’. சீனக் காதுக்கு அது ‘டிரம்ப் அமோக வெற்றி’ போல ஒலிக்கும். 2016இல் டிரம்ப் ஜெயித்ததும் பங்கு ஏறியது. ‘ஹிலாரி அத்தை’ போல ஒலிக்கும் ‘சி யி’ என்ற நிறுவனம் சரிந்தது. டிரம்ப் மீண்டும் ஜெயித்த 2024 நவம்பர் 6 அன்று அந்த மென்பொருள் பங்கு ஒருநாள் உச்சவரம்பான பத்து சதவீதத்தைத் தொட்டது. ‘ஹா-எர்-சு’ என்ற பிளாஸ்க் கம்பெனி அதே பத்து சதவீதம் விழுந்தது. அதன் பிளாஸ்க்கில் ஊற்றிய வெந்நீர் அன்றும் ஆறியிருக்காது. ஆனால் பெயரில் கமலா ஹாரிஸின் சாயல் இருந்ததே! (ஒப்புநோக்குக: மேற்படி நூல், நான்காம் தொகுதி, அடிக்குறிப்பு 44க்கான அடிக்குறிப்பு, அச்சகத்தார் அந்த எண்ணைக் கோக்க மறுத்ததால் 43அ.)

இதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. 2015இல் ஷாங்காயின் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனம், அப்போது சூடாக இருந்த இணையக் கடன் தொழிலான ‘பி2பி’ போல ஒலிக்கும்படி ‘பி தூ பி’ என்று பெயரை மாற்றப்போவதாக அறிவித்தது. பங்கு உச்சவரம்பைத் தொட்டது. ஒலியியலைக் கற்றுத் தேர்ந்தவர் முதலாளி. கட்டணம் கட்டியவர் முதலீட்டாளர். இத்தகைய கல்விமுறை நம் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதன்று.

கடைசியாக, அரசு. 2012 ஜூன் 4 அன்று ஷாங்காய் குறியீட்டெண் 64.89 புள்ளி சரிந்தது. தியானன்மென் சதுக்கப் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கியது 1989 ஜூன் 4, அதாவது 6-4-89. சீனச் சமூக ஊடகமான வெய்போவில் ஷாங்காய் குறியீட்டெண்ணைத் தேடுவதே அன்று முடக்கப்பட்டது; பணம் போட்டவர் தன் பணம் எவ்வளவு போயிற்று என்றும் அங்கே தேட முடியவில்லை. எட்டுக்கு ஆசைப்படும் பாட்டியை மூடநம்பிக்கை என்ற தலைப்பில் சேர்க்கும் அறிஞர்கள், ஒரு தசம எண்ணைக் கண்டு வெலவெலத்த அரசை மட்டும் அரசியல் துறைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.